நாலடியில் போட்ட கோடு

அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். யாரோ வைத்தார்கள், எல்லாரும் கூப்பிட்டார்கள் என்று நழுவப் பார்க்கிற ஆள் இல்லை நான். எனக்கு வாய் நீளம். என் மனைவி அதைத் தினம் ஒரு தடவை சொல்வாள். சொல்லாத நாளில் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்த நீள வாய்தான் வேலையிடத்தில் என் எதிர் மேசை அக்காவுக்கு 'இருநூத்தி எழுபத்திமூணு' என்று பெயர் வைத்தது. ஒரே வாரத்தில் வானாய்வுக்கூடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. டீ கொண்டுவருகிறவர்கூட வாசலில் நின்று, "எழுபத்திமூணு அக்காவுக்குச் சக்கரை இல்லாதது எது?" என்று தட்டில் தேடத் தொடங்கிவிட்டார்.

அக்காவும் சிரித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன் என்று பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். நிறுத்தியிருக்க மாட்டேன்.

எங்கள் வேலையைச் சொன்னால்தான் பெயரின் கதை புரியும். வானாய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், எங்கள் கணக்கு அறை. நான்கு மேசை, ஒரு ஜன்னல், கைப்பிடி சுற்றினால் கடகடவென்று பல் கடிக்கும் இரண்டு கணக்கு இயந்திரங்கள். வானத்தைப் பார்ப்பதெல்லாம் மேலே உள்ளவர்கள் வேலை. நாங்கள் காலையில் வந்து சாயங்காலம் போகிற கூட்டம். இருபது வருஷத்தில் நான் தொலைநோக்கியில் கண் வைத்தது மூன்று தடவை. மூன்றாவது தடவை மேகம்.

மேலேயிருந்து நட்சத்திரத்துக்கு ஒரு சீட்டு இறங்கும். அதில் முக்கியமாக இரண்டு விவரம். நட்சத்திரத்தின் ஆரம் சூரியனைப்போல் எத்தனை மடங்கு, அதன் மேற்பரப்பு எவ்வளவு சூடு. இந்த இரண்டும் தெரிந்தால் போதும், அது மொத்தமாக எவ்வளவு ஒளியை வாரி இறைக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆரத்தை வர்க்கப்படுத்த வேண்டும். சூட்டை, சூரியனின் சூட்டால் வகுத்து, நான்கு தடவை பெருக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் முடிந்தது. ஆரம் இரண்டு மடங்கானால் ஒளி நாலு மடங்கு. சூடு இரண்டு மடங்கானால் பதினாறு மடங்கு. அதனால் ஆரத்தில் கொஞ்சம் பிசகினால் பிழைத்துக்கொள்ளலாம். சூட்டில் பிசகினால் குடி மூழ்கிவிடும்.

அந்தச் சூட்டையும் கெல்வினில்தான் போட வேண்டும். அன்றாடம் புழங்குகிற செல்சியஸ் கணக்கு, தண்ணீர் உறைகிற இடத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு எண்ணுகிறது. உண்மையான பூஜ்யம் அதற்கும் இருநூற்று எழுபத்து மூன்று பாகை கீழே கிடக்கிறது. செல்சியஸில் இருந்தால் 273 கூட்டிக்கொண்டுதான் கணக்கில் இறங்க வேண்டும். மாடியிலிருந்து வரும் சீட்டுகளில் கெல்வினே இருக்கும். பழைய பட்டியல்கள் சிலவற்றில் மட்டும் செல்சியஸ்.

அக்கா எந்தச் சீட்டைக் கையில் வாங்கினாலும் முதல் கேள்வி, "இதுல இருநூத்தி எழுபத்திமூணு போட்டாச்சா?" போட்டாச்சு என்போம். எழுதத் தொடங்குவார். பாதியில் நிமிர்ந்து, "நிச்சயமாப் போட்டாச்சா?" என்பார். ஒருநாள் கொட்டாவி விட்டபடியே நான், "அக்கா, உங்க டீயிலயும் போட்டாச்சு, குடிங்க" என்றேன். அப்படித்தான் பெயர் வந்தது.

அவரிடம் வேறு சில வழக்கங்களும் இருந்தன. சூட்டைச் சரிபார்த்தவுடன் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். டீக்காரர் வராந்தாவில் ஸ்டவ்வைப் பற்றவைத்தால், நாங்கள் எல்லாரும் குளிருக்கு அதைச் சுற்றி ஈயாய் மொய்ப்போம். அக்கா மட்டும் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கையை நீட்டித் தம்ளரை வாங்குவார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் என்னை ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "சார்" என்பார். கிண்டல் பண்ணுகிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

இன்னொன்று. மும்முரமாகக் கணக்குப் போடும்போது உதடு அசையும். எதிர் மேசையில் இருந்த எனக்குத்தான் கேட்கும். "தள்ளி நில்லு. தள்ளி நில்லு." என் நாற்காலி அவர் மேசையை இடிக்கிறதாக்கும் என்று நான் பின்னால் இழுத்துக்கொள்வேன். வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் முதுகு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை.

எங்கள் அறைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நட்சத்திரத்தை ஒருவர் கணக்கிடக் கூடாது. முதல் கை போட்ட விடையைப் பார்க்காமல், இரண்டாம் கை தனியாகப் போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போடலாம். அக்கா முதல் கை, நான் இரண்டாம் கை. அறுநூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்களை அப்படிப் போட்டு முடித்தோம். புத்தகமாக அச்சுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

அச்சுக்குப் போகிற வாரம் இயக்குநர் எங்களை மேலே கூப்பிட்டார். அவர் மேசையில் எங்கள் பதிவேடும், வேறொரு கூடத்திலிருந்து வந்த பட்டியலும் திறந்து கிடந்தன. அவர்கள் வேறு வழியில் வந்திருந்தார்கள்: நட்சத்திரம் நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இரண்டையும் வைத்து அதன் உண்மையான ஒளியைக் கண்டுபிடிப்பது. எந்த வழியில் போனாலும் விடை ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும்.

"ஐநூத்தித் தொண்ணூத்தி மூணு ஒத்துப்போகுது. இந்தப் பத்தொன்பது சிவப்பு நட்சத்திரம் மட்டும் ஒத்துக்க மாட்டேங்குது. எல்லாமே நம்ம கணக்குல மூணுல ஒரு பங்கு பிரகாசம் அதிகம். ஒண்ணு ரெண்டுன்னா சரி, பத்தொன்பதும் ஒரே பக்கம் சாயுமா?" என்றார் இயக்குநர்.

நான் முந்திக்கொண்டு பதிவேட்டை என் பக்கம் இழுத்தேன். முதல் நட்சத்திரம்: ஆரம் நாற்பது சூரியன், சூடு 3500, நிறம் சிவப்பு. நாற்பதின் வர்க்கம் ஆயிரத்து அறுநூறு. 3500-ஐ 5772-ஆல் வகுத்து நான்கு தடவை பெருக்கினால் 0.135. விடை 216 சூரியன். பதிவேட்டில் இருந்தது 292. எங்கே போயிற்று என்று தேட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓரத்தில் அக்காவின் பென்சிலில் 3773 என்று இருந்தது. ஏற்கெனவே கெல்வினில் இருந்த எண்ணுக்கு மறுபடியும் 273 கூட்டியிருந்தார். பக்கத்தில் வைத்த புள்ளி தாளையே துளைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது.

"அடக் கடவுளே! நட்சத்திரத்துக்கே காய்ச்சல் வரவெச்சுட்டீங்களே அக்கா!" என்று கத்தினேன். "நாள் பூரா எழுபத்திமூணு போட்டாச்சா, போட்டாச்சான்னு எங்க உயிரை எடுத்துட்டு, கடைசியில நீங்களே ரெண்டு தடவை போட்டு வெச்சிருக்கீங்க! பத்தொன்பது! அச்சுல வந்து ஊர் சிரிச்சிருந்தா யாரு பதில் சொல்றது?"

மாடியில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அந்தத் துளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிதானமான மனிதர், அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று பொருள். "அது சரி. ரெண்டாம் கை யாரு?" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா சொன்னது. பத்தொன்பது இடத்திலும் என் கையெழுத்து இருந்தது. வளைத்து, சுழித்து, கீழே ஒரு கோடு வேறு இழுத்து. அந்தப் பத்தொன்பதையும் நான் போட்டுப் பார்க்கவே இல்லை. அக்கா போட்டதைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எத்தனை நாள் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. மற்றவை சரியாக இருந்ததால் தப்பித்தேன், அவ்வளவுதான்.

"அக்கா கணக்கு தப்பாதுன்னு நெனச்சிட்டேன் சார்" என்றேன்.

அப்போதுதான் அக்கா நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. திட்டியபோது வெளுக்காத முகம், நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. பதிவேட்டை மூடினார், படியிறங்கினார், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எதிர் மேசை காலியாக இருக்க, நான் பத்தொன்பதையும் ஒழுங்காகப் போட்டு முடித்தேன். இயந்திரத்தின் கடகட சத்தம் நிற்கும்போதெல்லாம், "தள்ளி நில்லு" என்று கேட்டது. ஆளே இல்லாத மேசையிலிருந்து கேட்டது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது; ஆனாலும் நாற்காலியை முன்னால் இழுக்கத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அக்காவுடைய தம்பியின் மனைவி. தம்பி இறந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்றும், இரண்டு பெண்களும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் கேட்டதில்லை. இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து, கேட்டதில்லை.

"நல்லவேளை வந்தீங்க. மூணு நாளா ஒரு வாய் சாப்பிடல. ஆபீஸ்ல என்னதான் ஆச்சு? கேட்டா வாயே திறக்கிறதில்ல. நீங்களாவது சொல்லுங்க" என்று பொரிந்து தள்ளினார்.

உள்ளே நடக்கும்போது சமையலறை கண்ணில் பட்டது. அடுப்புக்கு முன்னால், தரையில், சாக்கட்டியால் இழுத்த ஒரு கோடு. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "அதையும் கேளுங்க உங்க அக்காகிட்ட. தினம் காலையில நான் துடைப்பேன், தினம் சாயங்காலம் இவங்க போடுவாங்க. அடுப்பு பத்தவெச்சா கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கணுமாம். அங்க நின்னா நான் எப்படிக் கிளறுறது, துடுப்பு போட்டா? வெளிய சொன்னா சிரிப்பாங்க."

அக்கா பின்னறையில் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. நான் போய் நின்றதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க அக்கா. எல்லாத்தையும் போட்டாச்சு, பத்தொன்பதும் இப்ப சரி. நான்தான் மன்னிப்புக் கேக்கணும். போட்டுப் பாக்காம கையெழுத்துப் போட்டவன் நான். அத்தனை பேர் முன்னாடி உங்களைக் கத்தினவனும் நான்."

"நீங்க சொன்ன அந்த வார்த்தை சார்," என்றார். "என் கணக்கு தப்பாதுன்னு. அதை இன்னொருத்தரும் சொல்லியிருக்காரு."

பிறகு சொன்னார். நிறுத்தி நிறுத்தி, சில இடங்களில் ஒரே வரியை இரண்டு தடவை. நான் குறுக்கே பேசவில்லை. என் வாழ்க்கையில் அது பெரிய விஷயம்.

கூடத்துக்கு வருமுன் அக்கா ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தார். அங்கே உலைக்கு வட்டமாக ஒரு வாய். அதைத் திறந்துவைத்து ஒரு ஆள் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்றால் உடம்பு தாங்கும் என்று பொறியாளர் கேட்டார். உலை வாயின் ஆரம் அரையடி, சூடு ஆயிரத்து இருநூறு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். நட்சத்திரத்துக்குப் போடுகிற அதே கணக்குதான். வாய் எவ்வளவு பெரிது, எவ்வளவு சூடு, அதிலிருந்து எவ்வளவு வெப்பம் வீசும். தள்ளிப் போகப் போக அது எப்படிக் குறையும் என்பது மட்டும் கூடுதல். அக்கா போட்டார். நாலடி என்று வந்தது. பொறியாளர் தாளை வாங்கினார், பேனாவைத் திறந்தார், "உங்க கணக்கு தப்பாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் உலைக்கு நாலடியில் தரையில் மஞ்சள் கோடு விழுந்தது.

அடுத்த மாதம் அக்காவே சொல்லித் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்தார். கோட்டில் நிற்கிற வேலை. கோடை வேறு. ஒன்பதாம் நாள் சூட்டில் மயங்கி விழுந்தவன்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை.

"ரெண்டாம் நாள், வராந்தாவுல உக்காந்திருக்கேன். நர்ஸ் வந்து காய்ச்சல் கருவியை உதறிப் பாத்து, நூத்தி ஆறு ஃபாரன்ஹீட்டுன்னு எழுதுறாங்க. எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வருது சார். ஆயிரத்து இருநூறு. அது செல்சியஸ். நான் அப்படியே போட்டுட்டேன். இருநூத்தி எழுபத்திமூணு கூட்டவே இல்ல."

நான் வைத்த பெயர் என் காதுக்குள் என் குரலிலேயே கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

"போய்ச் சொன்னேன். அவன் போன மறுநாளே பொறியாளர்கிட்டப் போய்ச் சொன்னேன். அதுக்குள்ள கம்பெனி வீட்டுக்கு அனுப்புற கடிதம் தயாராயிடுச்சு. 'குடித்துவிட்டுக் கோட்டைத் தாண்டி நின்றதால்'னு. கோடு சரியாத்தாம்மா இருக்கு, நீங்க போய் ஆக வேண்டியதைப் பாருங்கன்னாரு. நான் வந்துட்டேன். அவ்வளவுதான் சார். வந்துட்டேன்." அக்கா கைகளை மேசையின் மேல் விரித்து வைத்துக்கொண்டார். "இவகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. இவ அந்தக் கடிதத்தை நம்புறா. குடிகாரன்னு திட்டிட்டே இருக்கா. நான் கேட்டுட்டே இருக்கேன்."

"அப்புறம் அந்தச் சிவப்பு நட்சத்திரங்கள்..." என்று இழுத்தேன்.

"சீட்டுல சிவப்புன்னு பாத்தா அந்த உலை வாய் ஞாபகம் வந்து கை தானாக் கூட்டிடுது. போட்டாச்சுன்னு நீங்க சொன்னாலும், அன்னைக்குப் போடலியேன்னு உள்ள ஒண்ணு சொல்லுது."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, மஞ்சள் பூத்த கார்பன் பிரதி. நாலடி என்று முடிந்திருந்த அதே கணக்கு.

"இதை நான் திரும்பப் போட்டுப் பாத்ததே இல்ல சார். இருபத்திரண்டு வருஷம். போடாத வரைக்கும் வித்தியாசம் ஒரு விரக்கடையா இருக்கலாம். ஒரு விரக்கடையில யாரும் சாக மாட்டாங்க. அது என் தப்பு இல்ல, வேற ஏதோன்னு ஆயிடும். அப்படித்தான் சோறு தின்னுட்டு இருந்தேன்." என் பக்கம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "இன்னைக்குப் போடலாம். நான் முதல் கை. நீங்க ரெண்டாம் கை. எட்டிப் பாக்கக் கூடாது."

நான் ஆயிரக்கணக்கில் கணக்குப் போட்டவன். அந்தத் தாளில் பேனாவை வைக்க என் கை வரவில்லை. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இந்த ஒரு கணக்கையும் போடாமல் நழுவினால் நான் அந்தப் பொறியாளரைவிட எந்த விதத்தில் மேல்? திரும்பி உட்கார்ந்து போட்டேன்.

நீளமான கணக்கு இல்லை. உலை வாய் அதேதான், உடம்பு தாங்குகிற அளவும் அதேதான். மாறுவது சூடு மட்டும். ஆயிரத்து இருநூறு போட்ட இடத்தில் ஆயிரத்து நானூற்று எழுபத்து மூன்று. வெப்பம் சூட்டின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது, தூரத்தின் வர்க்கத்தில் இறங்குகிறது. அதனால் நிற்க வேண்டிய தூரம் சூட்டின் வர்க்கத்தில் ஏறும். 1473-ஐ 1200-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்தினால் 1.507. அதை நாலால் பெருக்கினேன். எனக்கு வந்ததை இரண்டு தடவை சரிபார்த்தேன். தப்பாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட ஒரே கணக்கு அதுதான்.

"என்ன வந்துச்சு சார்?" என்றார் அக்கா, திரும்பாமலே.

"நீங்க சொல்லுங்க."

"ஆறு."

"ஆறு புள்ளி பூஜ்யம் மூணு" என்றேன்.

விரக்கடை இல்லை. முழுசாக இரண்டு அடி. நாலடியில் நின்றவன் மேல், தாங்கக்கூடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடித்திருக்கிறது.

"என்ன ஆறு?"

தம்பி மனைவி இரண்டு தம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. அக்கா எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

"அவன் கோட்டைத் தாண்டலம்மா. கோட்டு மேலதான் நின்னான். அந்தக் கோடே தப்பு. ஆறடியில இருக்க வேண்டியதை நாலடியில போட்டது நான். குடிச்சிருந்தான்னு அவங்க எழுதினது பொய். எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சொல்லல."

தம்ளர்களை அவர் கீழே போடவில்லை. கவனமாக அலமாரி மேல் வைத்தார். பிறகு வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது சார். அவரு குடிக்கலன்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

நான் 6.03-இன் மேல் விரலை வைத்தேன். "இங்கம்மா."

"இதுவா?"

"இதுதான்."

என் விரலை எடுத்ததும் அவர் அந்த இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டார். எடுக்கவே இல்லை. "எம் பொண்ணுகிட்ட, உங்கப்பன் குடிச்சே செத்தான்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டேனே" என்றார். "மாசத்துக்கு ஒரு நாள் குடிப்பாரு. அந்த ஒரு நாள்தான் போலன்னு நெனச்சிட்டேன்." பிறகு அக்காவைப் பார்த்தார். "முகம் எரியுதுன்னு ரெண்டாம் நாளே சொன்னாரு அண்ணி. எரிஞ்சா தள்ளி நிக்க வேண்டியதுதானே, உங்களை அங்க யாரு கட்டிப்போட்டான்னு கேட்டேன்."

அக்கா தாளின் மேல் இருந்த அந்த விரலையே பார்த்தார்.

"சிரிச்சாரு. மத்தவனெல்லாம் தள்ளித்தான் நிக்கிறான். அது அக்கா போட்ட கோடு, நானே தள்ளி நின்னா அக்கா கணக்கு தப்புன்னு ஆயிடாதான்னாரு."

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. தம்பி மனைவி அருகில் போகவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. தாளை மட்டும் கேட்டார். "ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடுங்க" என்றார். அக்கா முதல் கை என்று போட்டார். நான் இரண்டாம் கை என்று போட்டேன், சுழிக்காமல், கீழே கோடு இழுக்காமல். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, பழைய காகிதம் ஒன்று கிழிபடும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகும் ஏழு வருஷம் வேலை பார்த்தார். "இருநூத்தி எழுபத்திமூணு போட்டாச்சா?" என்று கேட்பது நிற்கவில்லை. யாரும் சிரிக்காதபடி நான் பார்த்துக்கொண்டேன். புதிதாக வந்த ஒருவன் பல்லைக் காட்டியதற்கு அவன் காலத்துக்கும் மறக்காதபடி வாங்கிக் கட்டிக்கொண்டான். "போட்டாச்சு அக்கா, நானும் தனியாப் போட்டுப் பாத்துட்டேன்" என்பேன். பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். உதடு அசைவதும் நிற்கவில்லை. யாரைச் சொல்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும் என்பதால், நாற்காலியை இழுக்காமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் தம்பி மனைவி எட்டு மாதம் அவரோடு பேசவில்லை. தட்டு வைப்பார், தண்ணீர் வைப்பார், போய்விடுவார். அக்கா அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோல் சொன்னார். அந்த எட்டு மாதத்தின் கடைசியில் ஒருநாள், டீக்காரரின் ஸ்டவ்வுக்குத் தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கையிலிருந்த தம்ளரைக் குடிக்காமலே என்னிடம் சொன்னார்.

"அவ இன்னும் பேசல சார். ஆனா காலையில சமையலறையைத் துடைக்கும்போது, அந்தக் கோட்டை மட்டும் விட்டுட்டுத் துடைக்கிறா."